எரிமலை செய்யச் சொன்னோம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பாடம் நடத்தியவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டியது இது. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு, அறிவியல் கண்காட்சி என்றால் தெர்மாகோலில் எரிமலை செய்யச் சொன்னோம்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் தொடங்கியது. 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றைத் தாங்களே ஆராய்ந்து, தாய்மொழியிலேயே சொல்லலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சுற்றறிக்கை வந்ததும் கையெழுத்து அழகான இரண்டு பேரைக் கூப்பிட்டு, போன வருஷத்துக் கோப்பை நீட்டினோம். வழிகாட்டி ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொண்டு, ஆய்வையும் நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

எழுத என்ன இருந்தது என்கிறீர்களா? பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வருகிறது. தோல் ஷாப் என்று நாங்கள் சொல்லும் பதனிடும் ஆலையில் முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கி, கழிவோடு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போய்விடும். தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும். உப்புக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை போதும். ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரை வற்றக் காய்ச்சி, அடியில் படிவதை நிறுக்கலாம். ஐந்து கிணற்றுத் தண்ணீரில் பச்சைப்பயறு ஊறவைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணலாம். எந்த வருஷம் இந்தத் தண்ணியைக் குடிக்கிறதை விட்டீங்க ஆயா என்று கேட்டு எழுதலாம். அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள், அதே கிணறுகள்.

1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதைக் குறிப்பிட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். எங்கள் வகுப்பறைகளில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பிள்ளைகளின் அப்பா தோல் ஷாப்பில், அம்மா ஷூ கம்பெனியில். பள்ளிக்கு நன்கொடையும் அங்கிருந்துதான். பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு வந்த பையனை, ‘பெரியவங்க விவகாரம், உனக்கு எதுக்குடா?’ என்று உட்காரவைத்தோம். பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம், அது பாதிதான். விடை எங்களுக்கே தெரியாத கேள்வியோடு ஒரு பருவம் முழுக்கப் பிள்ளையோடு உட்கார எங்களுக்குப் பொறுமை இல்லை. மதிப்பெண் இல்லாத வேலைக்கு வீட்டிலும் நேரம் தரவில்லை. அந்தப் பையன் கேட்பதை விட்டுவிட்டான்; நல்ல மாணவன் என்று சான்றிதழ் கொடுத்தோம்.

2025 ஜனவரி 30-இல் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொன்னது; சீரமைப்பைக் கவனிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. எந்தக் கிணறு எப்போது கெட்டது, எது தேறிவருகிறது என்று அந்தக் குழு எங்கள் பள்ளிகளைக் கேட்டால், முப்பது வருஷக் கணக்கு எங்களிடம் இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம்கூட இல்லை.