குடியை விட்டவனுக்கு யார் துணை?
"இனிமே ஒரு சொட்டு தொட்டாலும் உயிர் தங்காது." ஸ்டான்லியில் கல்லீரல் நோயோடு படுத்து எழுந்த ராயபுரத்து மீனவருக்கு இந்த ஒரு வரி போதுமா? உடம்பு வீட்டுக்கு வந்துவிடும். சாவு பயம், அவமானம், தூக்கமில்லாத ராத்திரி... இதற்கெல்லாம் என்ன மருந்து? சாயங்காலம் கூட்டாளி கூப்பிடும்போது யார் துணை?

'மனசை அடக்கு' என்பது சுலபம். குடி ஒரு நோய். வெறும் அறிவுரைக்கு அடங்காது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுகிறது. ஆனால் அது இருப்பது அடையாறில். எண்ணூர்க்காரர் கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைவார்?

2003 முதல் சாராயச் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கிறது அரசு. வேலை முடிந்து வருகிறவர் தெருவில் கடை திறக்கத் தெரிந்த அரசுக்கு, அதே நேரத்தில் அதே தெருவில் ஓர் ஆலோசகரை உட்காரவைக்கத் தெரியாதா? விற்றவர்தானே விட்டவருக்கும் பொறுப்பு!