கன்றுக்குக் கழிச்சல்: பாலை நிறுத்தலாமா?

''எங்கள் கலப்பினப் பசு ஈன்ற கிடாரிக் கன்றுக்கு 9 நாட்கள் ஆகின்றன. நேற்றிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல் கழிகிறது. போன ஈற்றுக் கன்றுக்கும் இப்படித்தான் ஆனது. பாலை நிறுத்தினோம், மூன்றாம் நாள் இறந்துவிட்டது. இதையாவது காப்பாற்ற என்ன வழி?''

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பாலை நிறுத்த வேண்டாம். கழிச்சலில் பெரும்பாலான கன்றுகள் இறப்பது கிருமியால் அல்ல. உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். 25 கிலோ எடையுள்ள கன்று இரண்டரை லிட்டர் நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் பாலையும் நிறுத்தினால், கன்றுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

முதலில் கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய நிலைக்கு வந்தால் பயமில்லை. மடிப்பு இரண்டு விநாடிகளுக்கு மேல் நின்றால் நீர் குறைந்திருக்கிறது. பிறகு வாயில் விரலை வையுங்கள். சப்பினால் வீட்டிலேயே கரைசல் கொடுக்கலாம். கண் குழி விழுந்து, வாய் சில்லிட்டு, சப்பாமல் படுத்துக்கிடந்தால், ரத்தநாளம் வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். சப்பாத கன்றுக்குக் கொட்டத்தில் ஊற்றினால் புரையேறி, நுரையீரலுக்குள் போய்விடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே போதும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் ஒரு பெரிய பொட்டலத்தைக் கரைத்து, வேளைக்கு ஒரு லிட்டர் வீதம் தினமும் மூன்று வேளை கொடுங்கள். பாலோடு கலக்கக் கூடாது. கலந்தால் பால் வயிற்றில் சரியாகத் திரியாது. பால் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் கரைசலைக் கொடுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளைகளுக்குப் பிரித்துவிடுங்கள்.

மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அது குடலின் ஓட்டத்தை நிறுத்தி, நஞ்சை உள்ளேயே தங்க வைக்கும். வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை உருண்டை கொடுப்பதில் தவறில்லை. ஆனால், அது கரைசலுக்கு மாற்று ஆகாது.

எந்தக் கிருமி என்பதற்குக் கன்றின் வயது ஓரளவு துப்புக் கொடுக்கும். பிறந்த நான்கைந்து நாட்களுக்குள் என்றால் பெரும்பாலும் ஈ.கோலை. உங்கள் கன்றின் வயதில் வைரஸ் அல்லது கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரியாக இருக்கலாம். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் ஊசி பயன்படாது. மூன்று வாரங்களுக்குப் பிறகு ரத்தமும் சளியுமாக முக்கி முக்கிக் கழிந்தால் ரத்தக் கழிச்சல் நோய் என்று சந்தேகிக்கலாம். எருமைக் கன்று களிமண் நிறத்தில் நாற்றத்துடன் கழிந்தால், தாய்ப்பால் வழியாக வந்த உருண்டைப்புழுவாக இருக்கும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால், மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

போன ஈற்றிலும் இதேதான் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை ஊட்ட விடாத பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில்தான் வருகிறது. நேரம் போகப் போக அதைக் குடல் உறிஞ்சாது. அடுத்த ஈற்றில், பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றேகால் லிட்டர், அன்றைக்குள் மொத்தம் இரண்டரை லிட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும். தொப்புளில் டிங்சர் அயோடின் தடவுங்கள்.

இப்போதைக்குக் கன்றை ஈரமில்லாத இடத்தில் சாக்கு விரித்துத் தனியாகக் கட்டுங்கள். சாணத்தை அள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்தக் கிருமிகளில் சில மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால், குழந்தைகளைக் கன்றின் பக்கம் விட வேண்டாம்.