ஓய்வுபெற்ற துப்பாக்கியும் கரிசல் பயிரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் கரிசல் மண்ணில் வானம் பார்த்துப் பயிர் செய்யும் உழவனுக்கு மழை ஒன்றே கவலையாயிருந்த காலம் போயிற்று. மழை பெய்து, விதை முளைத்து, மக்காச்சோளக் கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இரவோடிரவாக வந்து தோட்டத்தை உழுதுவிட்டுப் போகிறது. எம்.ரெட்டியபட்டி வட்டாரத்திலும் இதுவே நிலை. கடன் வாங்கி விதைத்தவன் காலையில் வரப்பில் நின்று பார்க்கும் காட்சியைப் பட்டணத்தில் இருந்துகொண்டு வனவிலங்குப் பாதுகாப்புப் பற்றிப் பேசுவோர் ஒருமுறையேனும் கண்டிருத்தல் வேண்டும்.

இந்நிலையில் தேநீர்க் கடைப் பேச்சில் ஒரு குரல் அடிக்கடி எழுகிறது. "பட்டாளத்தில் கழித்துப் போட்ட பழைய துப்பாக்கிகளை எங்களிடம் கொடுத்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்பதே அக்குரல். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் நிறைந்த பகுதி இது. 'த்ரீ நாட் த்ரீ' என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. இக்கோரிக்கையை நகையாடி ஒதுக்குவது முறையன்று. அதனை எண்ணிப் பார்த்த பின்னரே மறுக்க வேண்டும் என்று நாம் கருதுகின்றோம்.

அந்தத் துப்பாக்கியின் கதையை முதலில் காண்போம். ஆங்கிலேயப் படை 1895ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட லீ என்ஃபீல்டு துப்பாக்கியே பின்னர்ப் பல மாற்றங்களுடன் இரண்டு உலகப் போர்களையும் கண்டது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி, கையால் இழுத்துத் தள்ளும் தாழ்ப்பாள், சேற்றிலும் மணலிலும் பழுதாகாத உறுதி ஆகியவை அதன் சிறப்புகள். வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையிலும் இது பெருமளவில் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மேலை நாடுகளில் இத்தகைய துப்பாக்கிகள் மலைபோல் மிஞ்சின. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் அவை மிக மலிவாகக் கடைக்கு வந்தன. வாங்கியவர்கள் முன்புற மரத்தை அறுத்தெறிந்து, குழலைக் குறுக்கி, குறிபார்க்கும் கருவியை மாற்றி, மான் வேட்டைக்கு ஏற்றபடி இலகுவாக்கிக்கொண்டனர். கனடாவின் வடபுலப் பனிநிலத்தில் காவல் செய்யும் ரேஞ்சர் படையினர் 1947 தொடங்கி எழுபது ஆண்டுகளாக இந்த லீ என்ஃபீல்டையே பனிக்கரடிக்கு எதிரான துணையாகக் கொண்டிருந்தனர். நல்ல கருவி என்பதில் ஐயமில்லை.

அதே மலிவுச் சந்தையில் வேறொன்றும் நடந்தது. 1963 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, இத்தாலியப் படை கழித்துவிட்ட பழைய துப்பாக்கி. அஞ்சல் வழியே ஏறத்தாழ இருபது டாலருக்கு வாங்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1968இல், படைக்கழிவுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதற்கு அந்நாடே கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது.

நம் நாட்டில் நடந்தது முற்றிலும் வேறு. தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர் போர் அடக்கப்பட்டவுடன், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்த படைக்கருவிகளைப் பறிக்கவும் வழிசெய்தது. 1857 எழுச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கென்றே குழலின் உள்வரிகள் நீக்கப்பட்ட துப்பாக்கி ஆக்கி அளிக்கப்பட்டது. வரியில்லாக் குழலிலிருந்து செல்லும் குண்டு நெடுந்தொலைவு குறிதவறாமல் போகாது. வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்கு இவன் துப்பாக்கி ஈடாகிவிடலாகாது என்பதே நோக்கம். 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. படைக்குரிய .303 தோட்டா பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. காவலர்க்கும் சிறைக் காவலர்க்கும்கூட லீ என்ஃபீல்டின் குழலை மழுங்கக் குடைந்து, ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் இடத்தக்க .410 மஸ்கட்டாக மாற்றியே தந்தார்கள். ஆண்டவர்கள் எத்தனை அச்சத்தோடு ஆண்டார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஐரோப்பிய விலக்கை ஒழித்தது. ஆயினும் படைத் தோட்டா பொதுமக்களுக்கு இல்லை என்னும் நெறி தொடர்ந்தது. ஆகவே இச்சாப்பூரில் அதே லீ என்ஃபீல்டின் அமைப்பில், தோட்டா அளவை மட்டும் .315 என மாற்றி, உரிமம் பெற்றோர்க்கான விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று செய்யப்பட்டது. வடநாட்டுப் பண்ணையார் வீடுகளில் பெருமைக்குத் தொங்குவது பெரும்பாலும் இதுவே. உழவனுக்குச் சட்டம் காட்டிய வழி வேறு: குழல்வாய் வழியே மருந்தும் ஈயமும் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு மெய்யான பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு உரிமம் தரலாம் என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. எனவே, பட்டாளத் துப்பாக்கி கழிக்கப்பட்டாலும் கரிசல் உழவன் கைக்கு வர நம் சட்டத்தில் இடமே இல்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது, அவை எந்த வயற்காட்டுக்கும் போகவில்லை.

சட்டம் இடங்கொடுக்கவில்லை என்பதோடு வாதத்தை முடித்துவிடுவது எளிது. சட்டம் திருத்தப்பட்டால் அப்போது என் சொல்வது? நமது மறுப்பு சட்டத்தின் மேல் நிற்கவில்லை. இந்த மண்ணின் கிடப்பின் மேல் நிற்கிறது.

.303 குண்டு பதினொரு கிராம் எடையுடையது. நொடிக்கு எழுநூறு மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் குழலை விட்டுப் புறப்படுகிறது. குறி தப்பினாலும், பன்றியின் உடலை ஊடுருவினாலும், அது மூன்று கிலோமீட்டர் அளவும் சென்று ஆளைக் கொல்லும் வலிமை உடையது. மலைச்சரிவில் சுடுவோனுக்கு எதிரே மலை இருக்கிறது. தப்பிய குண்டை மண் ஏற்றுக்கொள்ளும். கரிசலில் எதிரே என்ன இருக்கிறது? தட்டையான வெளி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, அதற்கப்பால் அடுத்த ஊர். கருவேலங் கட்டை வெட்டுவோர், கரிமூட்டம் காப்போர், இரவில் கிடை போட்டுப் படுத்திருக்கும் ஆட்டுக்காரர் ஆகியோர் எந்தப் புதருக்குப் பின் இருக்கின்றனர் என்பதைச் சுடுபவன் அறியான். பன்றி வருவதோ இருட்டில். போர்க்களத்தில் எதிரில் நிற்பவன் எவனாயினும் பகைவனே. மக்காச்சோளக் காட்டில் அவ்வாறன்று.

நாட்டுத் துப்பாக்கி போதாதோ எனின், அது மற்றொரு கொடுமை. மருந்து நமுத்துப் போகும். குழல் வெடித்துச் சுடுபவன் விரலையும் கண்ணையும் கொண்டுபோகும். பட்டாலும் கொல்லாது, ஈயக் குண்டைச் சதையில் தாங்கிய பன்றி நாள்கணக்கில் புதரில் கிடந்து அழுகிச் சாகும், அல்லது மறுநாள் விறகெடுக்கச் செல்பவளின்மேல் பாயும். புலிவேட்டையில் பெயர்பெற்ற ஜிம் கார்பெட், காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்புவதைப் பெரும்பிழையாகக் கருதியவர். அவர் கையிலிருந்த .275 ரிக்பி துப்பாக்கியும் ஜெர்மானியப் போர்த் துப்பாக்கியான மௌசரின் அமைப்பிலிருந்து வேட்டைக்கென ஆக்கப்பட்டதுதான். ஆனால் அதன் பின்னால் நின்றவர் ஒரு தோட்டாவுக்காக ஓரிரவு முழுதும் காத்திருக்கக் கற்றவர். நம் வட்டாரத்தில் வண்டி விளக்கு வெளிச்சத்தில் கண்கள் மின்னுமிடத்தில் சுடுவதன்றோ வழக்கம்!

துப்பாக்கி கிட்டாதவர் கையாளும் வழிகளையும் நாம் மறைத்தல் கூடாது. பழத்துக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய், வேலியில் கள்ளத்தனமாகப் பாய்ச்சும் மின்சாரம் ஆகிய இரண்டும் பன்றிக்கு வைத்தவையாயினும் பன்றியோடு நிற்பதில்லை. 2020 மே மாதத்தில் கேரளத்துப் பாலக்காட்டில் வாய் சிதைந்து இறந்த கருவுற்ற யானையை நாடு மறக்கவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியருகே மூன்று யானைகள் மின்வேலியில் மாண்டன. இத்தகைய வேலிகளில் பக்கத்து வயல்காரனே சிக்கி மாண்ட செய்திகளும் ஆண்டுதோறும் நாளேட்டில் வரக் காண்கிறோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை. தினைப்புனம் காத்தவர்கள் கவணும் தட்டையும் குளிரும் கொண்டிருந்தனர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் நீருண்ண வரும் பன்றிக்காகக் குழிக்குள் ஒளிந்து இரவைக் கழித்தனர். அன்றைய வேட்டைக்கும் காவலுக்கும் இடையே ஒரு கோடு இருந்தது. துப்பாக்கி வந்தபின் அக்கோடு அழிந்தது. பயிர்க்காவல் என உரிமம் வாங்கிய குழல் முயலையும் கௌதாரியையும் மயிலையும் மானையும் நோக்கித் திரும்பியது. ஒருகாலத்தில் தென்னாட்டுச் சமவெளிகளில் பரந்து திரிந்த வெளிமான் இன்று தென்மாவட்டங்களில் வல்லநாட்டுக் குன்றளவில் ஒடுங்கிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபோது பிழைப்பை இழந்து தண்டனை ஏற்றவர்கள் நரிக்குறவ மக்கள். பொழுதுபோக்காகச் சுட்டவர்களின் வீட்டுச் சுவரில் மான்கொம்பு மட்டும் எஞ்சியிருந்தது.

பன்றியிறைச்சி உண்ணாத சமுதாயத்தினர் நாம். இதில் நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். முயலும் மானும் அதே தோட்டாவுக்கு இரை என்பதை அவர்கள் எண்ணுவாராக. தோட்டா பட்டு, அறுக்கப்படுமுன் உயிர்விட்ட பிராணி ஆகுமா என்று நம் ஃபிக்ஹு அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்துள்ளனர். இக்கட்டுரைக்கு அவ்வாதம் தேவையில்லை. ஆயினும் கொல்லும் முறையைப் பற்றிக் கவலைப்படுவது நமக்குப் புதிதன்று என்பதற்காகச் சொன்னோம்.

அப்படியானால் உழவன் என் செய்வான்? பன்றியைக் கொல்லவே கூடாது என்பது நம் கட்சியன்று. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்க்கு அதிகாரமளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட வழிவகுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழி கண்டது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர் சுடலாம். இவ்விரண்டில் தமிழ்நாட்டு வழியே நமக்கு உடன்பாடு. சுடுபவன் பயிர்க்குரியவனாகவோ இறைச்சிக்குரியவனாகவோ இருத்தல் ஆகாது. அவன் ஊதியம் பெறும் ஊழியனாக, பகலில் இடம் பார்த்து, உயரமான பரணிலிருந்து நிலம் நோக்கிச் சுடுபவனாக இருத்தல் வேண்டும்.

ஆனால் ஆணை ஏட்டில் இருந்தால் போதாது. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துப் பன்றி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வழிதவறி வந்ததன்று. கண்மாய்களை அடைத்து வளர்ந்துவிட்ட சீமைக் கருவேலங்காட்டிலேயே பிறந்து, அங்கேயே குட்டி போட்டு வாழ்வது. மூன்று கிலோமீட்டர் என்னும் கணக்கு மலையடிவாரத்துக்குப் பொருந்தும் அளவுக்கு, காப்புக்காடே அருகில் இல்லாத நமக்கும் தாராளமாகப் பொருந்தும். அங்கே அலுவலர் உண்டு. இங்கே மனுவை எங்கே கொடுப்பது என்பதே பலருக்குத் தெரியாது. சீமைக் கருவேலத்தை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டபோது எழுந்த எழுச்சி சில மாதங்களில் அடங்கிற்று. வெட்டிய இடத்தில் மீண்டும் தழைத்துவிட்டது. பன்றிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு அதன் வருகையைப் பற்றி முறையிடுவதில் பொருளில்லை.

நம் கல்லூரியில் இவ்வூர்களிலிருந்து வந்து பயில்வோர் உளர். அவர்கள் ஒவ்வொரு கண்மாயாகச் சென்று, பன்றி தங்கும் இடம், அழிந்த பயிரின் பரப்பு, இழப்பீடு கேட்டவர் யார், பெற்றவர் யார் என்று கணக்கெடுத்து ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் கொடுக்கலாம். புரட்டாசி விதைப்புக்கு முன் அக்கணக்கு உரியவர் மேசையில் இருந்தால், கதிர் முற்றும் மார்கழிக்குள் பரண் எழும்பப் போதிய நாள் இருக்கும்.