முகப்பூச்சுகளில் அஞ்ச வேண்டியது எது?

"இந்தக் கிரீமில் கெமிக்கல் இருக்கிறதா, டாக்டர்?" தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவில் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்தான். வேதிப்பொருள் இல்லாத பூச்சு என ஒன்று இல்லை. ஆயினும் இக்கேள்வியை நாங்கள் எளிதாக ஒதுக்குவதில்லை. தம் முகத்திலும் தம் குழந்தையின் தோலிலும் பூசுவது என்னவென்று அறிய விரும்புவது நல்ல பழக்கமே. எங்கள் கவலை வேறு. அஞ்ச வேண்டாத பொருள்களுக்கு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டிய பொருள்களையோ நாள்தோறும் பூசிக்கொள்கிறோம். இந்நிலை மாற வேண்டும்.

பின்புறமே விவரம்

அழகுசாதனப் பொருளின் முன்புறத்தில் இருப்பது விளம்பரம். பின்புறத்தில் இருப்பதே விவரம். நம் நாட்டு விதிகளின்படி உட்பொருள்களின் பெயர்கள் அங்கே அச்சிடப்பட வேண்டும். 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவை அளவின் இறங்குவரிசையில் வரும். அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். எனவே முதலில் வரும் நான்கைந்து பெயர்களே பெரும்பாலும் அந்தப் பூச்சின் பெரும்பகுதி. முன்புறத்தில் குங்குமப்பூவின் படம் பெரிதாக இருந்து, பட்டியலின் கடைசியில் அதன் பெயர் இருந்தால், அது பெயரளவுக்கே சேர்க்கப்பட்டிருக்கக்கூடும்.

பட்டியலில் அடிக்கடி காணும் பெயர்கள் பல நம் நண்பர்களே. கிளிசரினும் ஹயலூரானிக் அமிலமும் தோலில் நீரைப் பிடித்து வைக்கின்றன. பெட்ரோலியம் ஜெல்லியும் லிக்விட் பாரஃபினும் அந்த நீர் ஆவியாகாமல் மூடிக் காக்கின்றன. செராமைடு தோலின் மேலடுக்கில் இயல்பாகவே உள்ள கொழுப்புப் பொருள். வறண்டு தடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீம் உதவும். நியாசினமைடு என்பது வைட்டமின் பி3. முகப்பருவுக்கு உதவும் சாலிசிலிக் அமிலம் அளவு மீறினால் எரிச்சல் தரும். ரெட்டினாலை இரவில் பூச வேண்டும். கருவுற்றவர்களும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் தவிர்க்க வேண்டும். வெயில் காப்புக் கிரீம்களில் உள்ள ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கின்றன. இவற்றுள் எதற்கும் அதிக விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வறண்ட தோலுக்குச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, குளித்த ஈரம் உலருமுன் பூசப்பட்டால், நன்றாகவே வேலை செய்யும்.

இடம் மாறிய அச்சம்

'பாரபென் இல்லாதது' என்ற வாசகத்தைப் பார்த்து வாங்குவோர் பலர். பாரபென் என்பது கிரீமில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் தடுக்கும் பதப்படுத்தி. அமெரிக்கத் தொடுதோலழற்சி மருத்துவர் சங்கம் ஆண்டுதோறும் கவனத்துக்குரிய ஓர் ஒவ்வாமைப் பொருளை அறிவிப்பது வழக்கம். 2019ஆம் ஆண்டில் அச்சங்கம் பாரபெனை 'ஒவ்வாமை தராத பொருள்' என்றே அறிவித்தது. அந்த அளவுக்கு அரிதாகவே அது ஒவ்வாமை தருகிறது. அதே சங்கம் 2013ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது, மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் வேறொரு பதப்படுத்தியை. தோலில் பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் பின்னர்த் தடை விதித்தது. ஒன்றை அஞ்சி விலக்கும்போது அதன் இடத்தில் எது வந்து அமர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

'இயற்கை' என்ற சொல்லும் காப்புறுதி அன்று. எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் சென்றால் தோல் புண்ணாகிக் கருக்கலாம். வாசனைக்காகச் சேர்க்கும் பொருள்கள், அவை மலரிலிருந்து எடுக்கப்பட்டவையே ஆயினும், ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. பட்டியலில் 'ஃப்ராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல பொருள்கள் மறைந்திருக்கலாம். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு வாசனை சேர்க்காத பூச்சுகளே நல்லவை.

மருந்து முகப்பூச்சு ஆகும்போது

இனி, உண்மையிலேயே அஞ்ச வேண்டியவற்றுக்கு வருவோம். 1975ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு கலவையை வெளியிட்டார். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. அதன் வழிவந்த கலவைகள் மங்கு போன்ற கரும்படைகளுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலம் பயன்படும் மருந்துகளே. இன்றோ அவற்றை முகம் வெளுக்கும் கிரீமாகப் பலர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பூசுகின்றனர்.

ஸ்டீராய்டின் முதற்பயன் மயக்கவல்லது. சில நாள்களில் சிவப்பு தணியும், பரு அமுங்கும், முகம் பளபளக்கும். அதன்பின் தோல் மெலியும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பருக்கள் கூட்டமாக வரும். பெண்களின் முகத்தில் முடி வளரும். வெயில் பட்டாலே எரியும். கிரீமை நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். எரிச்சல் தாளாமல் மீண்டும் அதையே பூசுவர். நிறத்துக்காகத் தொடங்கியது நிறுத்த முடியாத கட்டாயமாக மாறுவது இப்படித்தான். படர்தாமரையின் மேல் இத்தகைய கலவைக் களிம்பைப் பூசினால், அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். குடும்பத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றும்.

வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளாக நடுவண் அரசு 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆனால் பழைய சீட்டும் பக்கத்து வீட்டாரின் பரிந்துரையும் இன்னும் போதுமானவையாகவே இருக்கின்றன. எனவே பெயர்களை அறிந்துகொள்ளுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று 'சோன்' என முடியும் பெயர்களும், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்பனவும் ஸ்டீராய்டுகள். ஆங்கிலம் படிக்க இயலாவிடில் வீட்டுப் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் செய்யுங்கள். ஸ்டீராய்டு தீய மருந்து அன்று. கரப்பானுக்கும் காளாஞ்சகப்படைக்கும் நாங்களே அதை எழுதித் தருகிறோம். இடம், அளவு, காலம் ஆகிய மூன்றும் வரையறுக்கப்பட்டிருந்தால் அது மருந்து. அவை மூன்றும் இல்லையேல் அது ஆபத்து.

பட்டியலில் வராத பெயர்

ஸ்டீராய்டின் பெயரையாவது டியூபில் படிக்கலாம். பாதரசத்தின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. நம் நாட்டு விதிகள், கண் பகுதிக்கானவை தவிர்ந்த அழகுசாதனங்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஆயினும் தயாரிப்பாளரின் முகவரியோ உரிம எண்ணோ இல்லாத வெளுப்புக் கிரீம்கள் விற்பனையாகின்றன. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக மருத்துவர்கள், அரிதான ஒருவகைச் சிறுநீரக நோய் அடுத்தடுத்து வருவதைக் கண்டு விசாரித்தபோது, அந்நோயாளிகளில் பெரும்பாலோர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் எனத் தெரியவந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைச் சென்றடைந்தது.

பூசுபவரோடும் இது நிற்பதில்லை. துண்டு, தலையணை, தொடுகை ஆகியவற்றின் வழியாகக் கைக்குழந்தையையும் பாதரசம் எட்டக்கூடும். வெள்ளி, தங்க நகைகளில் படாமல் பூசவும் என்று ஒரு கிரீமில் எழுதியிருந்தால் அது பாதரசத்தின் அறிகுறி எனக் கொள்ளுங்கள். அத்தகைய கிரீம் பூசியவருக்குக் காலில் வீக்கமோ, சிறுநீரில் மிகுந்த நுரையோ கண்டால் உடனே பரிசோதனை தேவை.

யார் என்ன செய்ய வேண்டும்

பூசியவரைக் குற்றவாளியாக்குவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பெண் பார்க்க வருபவர்களும் வேலைக்கு எடுப்பவர்களும் நிறத்தைப் பேசும் ஊரில், நிறத்தை விற்பவர்களும் இருப்பார்கள். குழந்தை பிறந்ததும் 'கறுப்பா, சிவப்பா' என்று கேட்பதை நாம் நிறுத்தினால், பல கிரீம்களுக்குத் தேவையே இராது.

மருத்துவர்களாகிய நாங்கள் ஒவ்வொரு களிம்பையும் எத்தனை நாள் பூச வேண்டும், என்று நிறுத்த வேண்டும் என்று சீட்டில் தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிடில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மருந்துக்கடைக்காரர்கள் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு டியூபைக் கொடுக்க மறுக்க வேண்டும்.

உங்களிடம் வேண்டுவது இது: தோல்நோய்க்காக மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் பூசும் கிரீம், சோப்பு, எண்ணெய், தலைச்சாயம் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயரற்ற டப்பாவையும் மறைக்க வேண்டாம்; எங்களுக்கு அதுவே முதன்மையான தடயம். ஸ்டீராய்டு கிரீமை நெடுநாள் பூசியவர்கள் அச்சத்தில் திடீரென நிறுத்திவிட வேண்டாம்; எங்களிடம் வந்தால் படிப்படியாக அதிலிருந்து விடுவிக்க வழி உண்டு. ஆனால் பாதரசம் இருக்கும் என்ற ஐயமுள்ள கிரீமை இன்றே நிறுத்திவிடுங்கள். மூடிய பையில் இட்டுக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து எங்களிடம் காட்டுங்கள்.