கடன் அட்டைத் தவணை தவறினால் உயரும் வட்டி: எல்லையோரத் தமிழர்களை எட்டுகிறதா எச்சரிக்கை?

பாலக்காடு/இடுக்கி: கடன் அட்டைத் தொகையை உரிய நாளில் செலுத்தத் தவறுவோரிடம் வங்கிகள் எவ்வளவு வட்டி வசூலிக்கலாம் என்பதற்கு இந்தியாவில் எண்ணளவிலான உச்சவரம்பு இல்லை. 30 சதவீத வரம்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கியபின், நிபந்தனைகளை முன்கூட்டியே அறிந்திருப்பதே வாடிக்கையாளருக்கு முதன்மையான பாதுகாப்பாக எஞ்சியுள்ளது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் தமிழர்களுக்கு அந்தப் பாதுகாப்பு எந்த மொழியில் வந்து சேர்கிறது என்ற கேள்வி இதனால் முக்கியத்துவம் பெறுகிறது.

தீர்ப்பு சொன்னது என்ன?

உரிய நாளில் பணம் செலுத்தாத கடன் அட்டைதாரர்களிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தது. இதை எதிர்த்து வங்கிகள் மேல்முறையீடு செய்தன. நீதிபதிகள் பேலா எம். திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

வட்டி விகிதத்தை நெறிப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் பணி, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை ஆணையம் மாற்றி எழுத முடியாது, வட்டி குறித்த நிபந்தனைகள் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கப்பட்டவையே என்பன தீர்ப்பின் அடிப்படை. வட்டி மிகையானது என்ற காரணத்துக்காக மட்டும் வங்கிக் கடனை நீதிமன்றங்கள் மறு ஆய்வு செய்யக்கூடாது என வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் கூறுகிறது.

வட்டியைவிடப் பெரிய இழப்பு

தவணை தவறியவர்கள் பெரும்பாலும் வட்டி விகித உயர்வையே கவனிக்கின்றனர். ஆனால், வட்டியில்லாக் கால அவகாசம் பறிபோவதே அதைவிடப் பெரிய இழப்பு. நிலுவை இருந்தால், கெடு நாளிலிருந்து அல்லாமல் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். நிலுவை தீரும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் அவகாசம் கிடையாது.

எடுத்துக்காட்டாக, ஜூன் 5 அன்று ரூ.40,000-க்குப் பொருள் வாங்கிய ஒருவர், ஜூலை 10 கெடுவைத் தவறவிட்டு ஆகஸ்ட் 9 அன்று முழுத் தொகையையும் செலுத்துவதாகக் கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் எனில், 65 நாள்களுக்கான வட்டி சுமார் ரூ.2,990. தாமதக் கட்டணம் ரூ.900 என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் கூடுதல் சுமை ஏறத்தாழ ரூ.4,590 ஆகும். இதே காலத்துக்கு வட்டி 3.75 சதவீதமாக இருந்தால், வரியுடன் சேர்த்து மேலும் சுமார் ரூ.250 மட்டுமே கூடும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதும் தீர்வாகாது. ரூ.40,000 நிலுவைக்கு 5 சதவீதமாக ரூ.2,000 செலுத்தினால், ஒரு மாத வட்டிக்கும் வரிக்கும் ரூ.1,652 போய்விடும். அசலில் குறைவது ரூ.348 மட்டுமே.

மாதக் கெடுவும் அறுவடைப் பருவமும்

கடன் அட்டையின் கெடு மாதந்தோறும் வருகிறது. எல்லையோரப் பகுதிகளில் வருமானம் அவ்வாறு வருவதில்லை. இடுக்கியின் உடும்பன்சோலை வட்டாரத்தில் ஏலக்காய் அறுவடை ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே நடைபெறுகிறது. பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்தில் நெல்லை நம்பியிருப்போருக்கு, அறுவடை முடிந்தாலும் கொள்முதல் தொகை தாமதமாவது நீண்டகாலக் குறையாக உள்ளது. வேளாண் வருவாயை நம்பி நடக்கும் சிறு கடைகளும் இதே சுழற்சிக்கு உட்பட்டவை. பணம் வர வேண்டியிருந்தும் கெடு நாளில் கையில் இல்லாத நிலை இங்கு இயல்பானது.

எந்த மொழியில் எச்சரிக்கை?

ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கடன் அட்டை வழிமுறைகள், நிபந்தனைகள் தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. அவை ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி ஆகியவற்றில் இருப்பது விரும்பத்தக்கது என்றும் குறிப்பிடுகின்றன. இது கட்டாயமன்று. கேரளத்தில் உள்ளூர் மொழி என்றால் மலையாளம் என்றே பொருள் கொள்ளப்படும் நிலையில், தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் போன்ற வட்டங்களின் தமிழர்கள் விடுபட்டுப்போக வாய்ப்புள்ளது.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நீடித்தன. மொழிச் சிறுபான்மையினரான தமிழர்கள் மாநில அரசு அலுவலகங்களுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த, கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் 1973-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் வழிவகுக்கிறது. ஆனால், அந்த உரிமை வங்கிகளின் ஒப்பந்தப் படிவங்களுக்குப் பொருந்தாது.

வாடிக்கையாளருக்கு உள்ள உரிமைகள்

கெடு நாளைக் கடந்து மூன்று நாள்களுக்கு மேல் நிலுவை நீடித்தால் மட்டுமே தாமதக் கட்டணம் விதிக்கவோ, கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவோ முடியும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே, கெடுவைத் தவறவிட்டவர்கள் இந்த மூன்று நாள்களுக்குள் செலுத்திவிடுவது பயன் தரும். தாமதக் கட்டணத்தைச் செலுத்தாத தொகையின்மீது மட்டுமே கணக்கிட வேண்டும். செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலுடன் சேர்த்து வட்டி போடக்கூடாது.

கட்டணங்களை மாற்றுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிப்பு தர வேண்டும். முன்தேதியிட்டு அவற்றை அமல்படுத்த முடியாது. மாற்றத்தை ஏற்காதவர், நிலுவையைத் தீர்த்துவிட்டு, கூடுதல் கட்டணமின்றி அட்டையைத் திருப்பி ஒப்படைக்கலாம். உடனடியாகத் தீர்க்க இயலாதவர்கள், நிலுவையை மாதத் தவணையாக மாற்றித்தருமாறு எழுத்துபூர்வமாகக் கோரலாம். நகைக்கடனுக்குப் பொதுவாக வட்டி குறைவு என்றாலும், அதை மீட்க முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். 14448 என்ற அதன் உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் பெற முடியும்.

அமெரிக்க முன்னுதாரணம்

அமெரிக்காவில் 2009-இல் இயற்றப்பட்ட கடன் அட்டைச் சட்டத்தின்படி, வட்டி உயர்வுக்கு 45 நாள் முன்னறிவிப்பு தேவை. தவணை தவறியதற்காகப் பழைய நிலுவையின் வட்டியை உயர்த்த, 60 நாள்கள் கடந்திருக்க வேண்டும். அதன்பின் ஆறு மாதங்கள் தவறாமல் செலுத்தினால் அந்த உயர்வைத் திரும்பப் பெற வேண்டும். இந்தியாவில் அத்தகைய மீட்பு விதி இல்லை.

நிபந்தனைகளை வாடிக்கையாளர் அறிவார் என்ற அடிப்படையில் வரம்பு நீக்கப்பட்டிருக்கும்போது, அவரை அறியச்செய்யும் பொறுப்பை விருப்பத்துக்கு விடுவது பொருத்தமாகாது. வட்டி விகிதம், கட்டணம், கெடு ஆகியவற்றைக் கூறும் ஒரு பக்கச் சுருக்கத்தை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் மொழியில் வழங்குவதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கினால், மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் உள்ளவர்கள் கையொப்பமிடும் முன்பே அதைப் படித்தறிய முடியும்.