இரண்டாவது குறும்படத்துக்கு யார் காசு கொடுப்பது?

விஸ்காம் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கத் தயங்கும் தொகை ஒன்று உண்டு. கல்லூரிக் கட்டணத்தைக்கூட உதவித்தொகை வரும் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். கடைசி ஆண்டில் எடுத்துக் கொடுக்க வேண்டிய குறும்படச் செலவை எப்படிச் சொல்வது? "படம் எடுக்கப் போறேன், காசு வேணும்" என்று மகனோ மகளோ கேட்டால், வாழைத்தார் சுமந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கு அது படிப்புச் செலவாகவே தெரியாது. "படிக்கத்தான அனுப்புனேன், படம் எடுக்கவா அனுப்புனேன்?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

களக்காட்டைச் சேர்ந்த ஒரு மாணவர் பதினைந்து நிமிடப் படம் எடுக்க என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமராவும் லென்சும் நாள் வாடகைக்கு நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டும். முன்பணம் கேட்பார்கள். ஆதார் நகலும், கடைக்காரருக்குத் தெரிந்த ஒருவரின் வாக்கும் கேட்பார்கள். வாடகை நாள் கணக்கு என்பதால் பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். களக்காட்டிலோ பொழுது சீக்கிரம் சாயும். மேற்கே மலை நிற்கிறது. அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். காலையில் பாதி எடுத்த காட்சியின் மீதியைச் சாயங்காலம் எடுத்தால் இரண்டும் ஒட்டாது. வாழைத்தோட்டத்துக்குள் எடுக்கலாம் என்றால், காற்றில் இலைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் மைக்கில் வசனத்தைத் தின்றுவிடும். தலையணைப் பக்கம் போனால் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி வேண்டும். கூட வந்த ஏழெட்டுப் பேருக்குக் காலையில் இட்லி, பதினோரு மணிக்கு டீ, மதியம் சோறு. பட்ஜெட் எழுதும்போது குறைத்து எழுதுவதும் சாப்பாட்டுச் செலவைத்தான், கடைசியில் கூடிப்போவதும் அதுதான்.

இதெல்லாம் எந்தச் சாதிப் பிள்ளைக்கும் உள்ள பாடு. நம் பிள்ளைகளுக்கு மேற்கொண்டும் சில இருக்கின்றன.

கேமரா ஸ்டாண்டை எந்தத் தெருவில் ஊன்றுவது என்பது முதல் பிரச்சினை. ஊரின் பொதுத் தெரு என்று கதையில் எழுதிவிடலாம். ஊன்றியதும் ஒருவர் வந்து, "ஏலே, நீ யாரு மவன்? எந்தத் தெரு?" என்று கேட்பார். கதை என்ன என்று கேட்பது அதற்கு அப்புறம்தான். இன்னொரு சிக்கல் உடையில் வரும். இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் ஒரே சைக்கிளில் போகிற கதை என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கையில் கயிறு கட்டுவதா, வேண்டாமா? கட்டினால் என்ன நிறம்? வேறு ஊரில் எடுக்கிறவருக்கு இது யோசிக்கவே வேண்டாத விஷயம். நம் மாவட்டத்தில் அந்தக் கயிற்றின் நிறத்தை வைத்தே ஒரு சிறுவனின் சாதியைச் சொல்லிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில், களக்காட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். அதன்பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவர்கள் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. ஆக, தன் நடிகனின் மணிக்கட்டைக் காட்டுவதா மறைப்பதா என்று முடிவு செய்யும்போதே இந்த ஊர் மாணவர் பெரிய விஷயத்துக்குள் காலை வைத்துவிடுகிறார். இருபது வயதில், வாடகைக் கேமராவுடன், பொழுது சாய்வதற்குள்.

இவ்வளவையும் தாண்டி எடுத்த படம் நன்றாக வந்தால் சரி. வராவிட்டால்?

முதல் குறும்படம் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். நடிப்பு ஒட்டாது, ஒலி இரையும், முடிவு சப்பென்று போகும். காசுள்ள வீட்டுப் பிள்ளை அதை யாருக்கும் காட்டாமல் வைத்துவிட்டு இரண்டாவது படம் எடுப்பார். அதில் பாதி கற்றுக்கொள்வார். மூன்றாவதைப் போட்டிக்கு அனுப்புவார். நம் பிள்ளைக்கு இருப்பது ஒரே படம். அது சுமாராக வந்தால், "இவனுக்கு இது வராது" என்ற தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். நாம் இங்கே பேச வருவது அந்த இரண்டாவது படத்தைப் பற்றி.

மராட்டியத்தில் நாகராஜ் மஞ்சுளே என்ற இயக்குநர் இருக்கிறார். சோலாப்பூர் மாவட்டத்தின் ஜேவூர் கிராமத்துக்காரர். கல்லுடைப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட வடார் சமூகம். பத்தாம் வகுப்பில் ஒருமுறை தோற்றவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அகமதுநகர் கல்லூரி ஒன்றில் தகவல் தொடர்பியல் மாணவராக இருந்தார். அந்தப் படிப்பின்போது, 2009இல் அவர் எடுத்த குறும்படம்தான் 'பிஸ்துல்யா'. பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் ஒரு சிறுவனின் கதை. குடும்பத்தின் வறுமை அவனை வேறு பக்கம் இழுக்கிறது. அதில் நடித்த சூரஜ் பவார் என்ற சிறுவனும் நடிப்புப் பள்ளியிலிருந்து வந்தவன் அல்ல. அந்தப் படம் கதைப்படம் அல்லாத பிரிவில் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதை வாங்கியது.

அந்த விருது கிடைத்ததால்தான் 'ஃபன்றி' வந்தது. 2013இல் எடுத்தது, பன்றி பிடிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவனின் காதலைச் சொல்லும் படம். பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிப்போகும்போது பின்னால் பள்ளிக்கூடச் சுவரில் அம்பேத்கர் படம் தெரியும். கடைசியில் அந்தப் பையன் எறியும் கல் நேராகப் பார்க்கிறவரை நோக்கி வரும். அதற்கடுத்து 2016இல் வந்த 'சாய்ராட்' மராத்தி சினிமாவில் அதுவரை இருந்த வசூலையெல்லாம் முறியடித்தது. சூரஜ் பவார் அந்த இரண்டு படங்களிலும் இருக்கிறார். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு மஞ்சுளே என்ன செய்தார் தெரியுமா? திரும்பவும் ஒரு குறும்படம் எடுத்தார். மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்ன பள்ளிக்கூடத்துக்கும், மழையில் ஒழுகும் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சிறுவனின் கதை. அதற்கும் தேசிய விருது கிடைத்தது.

'பிஸ்துல்யா'வுக்கு விருது கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தோன்றாமல் இல்லை. ஒரே சீட்டு எடுத்துப் பரிசு விழுந்தவரைக் காட்டி, மற்றவர்களையும் சீட்டு எடுக்கச் சொல்வது நியாயமா? மாரி செல்வராஜ் விஷயத்திலும் இதைத்தான் செய்கிறோம். அவர் திரைப்படக் கல்லூரி வழியாக வந்தவர் அல்ல. இயக்குநர் ராமிடம் பல ஆண்டுகள் உதவியாளராக நின்று கற்று, 2018இல் 'பரியேறும் பெருமாள்' எடுத்தார். 2024இல் வந்த 'வாழை', தார் சுமந்த தன் பிள்ளைப் பருவத்தை வைத்து எடுத்த படம். இன்று கையில் கேமரா பிடிக்கும் நம் தெருப் பிள்ளை ஒவ்வொருவரையும் "அடுத்த மாரி செல்வராஜ்" என்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை, தன் பெரியம்மா சீரியல் பார்த்துக்கொண்டே பீடி சுற்றுவதைச் சிரிப்புப் படமாக எடுக்க நினைத்திருக்கலாம். போட்டி நடுவர்கள் அதை எடுக்கவிடுவதில்லை. நம்மிடமிருந்து இரத்தத்தை எதிர்பார்க்கிறார்கள். சிரிப்பை எதிர்பார்ப்பதில்லை.

அரசுப் பணத்தைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்கள் படம் எடுக்க அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை கொடுக்கிறது. பெண் இயக்குநர்களுக்கும் இதேபோல ஒரு திட்டம் உண்டு. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த சினிமாக் கொள்கை மாநாட்டில் மூத்த இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் இதைக் குறை சொன்னார். இவர்களுக்கு முதலில் மூன்று மாதமாவது பயிற்சி கொடுக்க வேண்டும், தொகையை 50 லட்சமாகக் குறைத்து மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. அரங்கிலேயே ஒரு பாடகி எழுந்து எதிர்த்தார். அமைச்சரும் மேடையிலேயே மறுத்துப் பேசினார்.

அடூரின் படங்களை நாம் மதிக்கிறோம். அதனாலேயே அவருடைய முதல் படத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1972இல் வந்த 'சுயம்வரம்' மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த கடனை நம்பி எடுக்கப்பட்ட படம். முதலில் திரைக்கு வந்தபோது ஓடவில்லை. தேசிய விருதுகள் கிடைத்து, மறுபடி வெளியிட்ட பிறகுதான் ஓடியது. பொதுப்பணத்தில் படம் எடுத்து, அது ஓடாமல் போய், பிறகு எழுந்து நிற்கும் வாய்ப்பு ஓர் இளைஞருக்கு அன்று கிடைத்தது. அதனால்தான் இந்தியாவுக்கு ஓர் அடூர் கிடைத்தார்.

அவர் பூனா திரைப்படக் கல்லூரியில் முறையாகப் படித்துவிட்டு வந்தவர், இவர்கள் அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் பயிற்சியின் கதவு எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? கோட்டயத்தில் ஒரு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்து உழவூரில் தலித் குடும்பத்தில் பிறந்து குடியரசுத் தலைவர் ஆன கே.ஆர்.நாராயணன் பெயரில் அமைந்தது. 2022 டிசம்பரில் அந்தக் கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சேர்க்கையில் இட ஒதுக்கீட்டைச் சரியாகப் பின்பற்றவில்லை, துப்புரவுப் பணியாளர்களை இயக்குநரின் வீட்டுக் கழிப்பறையைக் கழுவ வைத்தார்கள் என்பவை அவர்களின் குற்றச்சாட்டுகள். நிர்வாகம் மறுத்தது. போராட்டம் ஏழு வாரம் நீண்டது. 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். அந்த மாதக் கடைசியில் கல்லூரியின் தலைவரும் விலகினார். அந்தத் தலைவர் அடூர் கோபாலகிருஷ்ணன்தான்.

பயிற்சி இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பது ஒரு பேச்சு. பயிற்சிக்கான இடம் சரியாகக் கொடுக்கப்படுகிறதா என்று மாணவர்கள் ஏழு வாரம் தெருவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது இன்னொரு செய்தி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் பிள்ளை எங்கே நிற்கிறார் என்று புரியும்.

நம் மாவட்டத்துக்குக் கேமரா புதிதல்ல. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் இறந்ததை ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். அந்தப் படம் இல்லையென்றால் அன்று நடந்தவற்றில் பலவற்றை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட மட்டுமே செய்திருப்பார்கள்.

செய்யக்கூடிய காரியங்கள் பெரியவை அல்ல. மத்திய அரசின் பழைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில், ஆராய்ச்சி மாணவர் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய ஒரு தொகை தனியாக இருந்தது. கல்விச் சுற்றுலாவுக்கும் ஒரு தொகை இருந்தது. படிப்பை முடிக்கச் சமர்ப்பிக்க வேண்டிய வேலைக்கு ஆகும் செலவும் படிப்புச் செலவுதான் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? திரைப்பட மாணவருக்கு ஆய்வேடு அவருடைய படம். அப்படியானால் மாநில அரசு தன் உதவித்தொகையில் அதற்கென்று ஒரு தொகையைச் சேர்க்கலாம். ஒரு படத்துக்கு மட்டும் அல்லாமல், இரண்டாம் ஆண்டில் ஒன்று, கடைசி ஆண்டில் ஒன்று என இரண்டு படத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் படத்துக்கு மதிப்பெண் கேட்காமல் கொடுக்க வேண்டும். கெடுத்துக் கற்றுக்கொள்வதற்குத்தான் அந்தப் படம்.

கேமரா விஷயத்தில், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் நம் இளைஞர்களுக்கு 35 விழுக்காடு மானியத்தில் தொழில் கடன் கிடைக்கிறது. லாரியும் ஜேசிபியும் வாங்கத்தான் அந்தக் கடன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேமரா, லைட், மைக் வாடகைக் கடையும் ஒரு தொழில்தான். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று வருடம் முழுக்க ஓடும். களக்காட்டிலோ நாங்குநேரியிலோ நம் ஆட்கள் இருவர் சேர்ந்து ஒரு கடை வைத்தால், முன்பணம் கொடுக்க முடியாத மாணவர் யாருடைய வாக்கையும் தேடி நெல்லைக்குப் போக வேண்டியதில்லை.

படத்தைக் காட்ட ஓர் இடமும் வேண்டும். கல்லூரி அரங்கில் பேராசிரியர்கள் பார்த்ததோடு பெரும்பாலான மாணவப் படங்களின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு புரொஜெக்டரும் வெள்ளை வேட்டியும் இருந்தால் மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி நாலைந்து குறும்படம் போடலாம். விடுதிப் பிள்ளைகள் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். போரடித்தால் எழுந்து போய்விடுவார்கள். எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று பார்த்தாலே படம் எடுத்தவருக்கு அடுத்த படத்துக்கான பாடம் கிடைத்துவிடும்.

இந்த ஆண்டும் படம் கொடுத்தாக வேண்டிய பிள்ளைகள் நெல்லைக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் அவர்களை ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆளுக்கு எவ்வளவு செலவாகிறது, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பட்டியலில் அம்மாவின் கம்மல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.