முதலிடம் 'டம்போ'வுக்கே

டிஸ்னியின் சித்திரப்படங்களைத் தரவரிசைப்படுத்துவோர் பலர் 1994இல் வந்த 'தி லயன் கிங்'கை உச்சியில் அமர்த்துகின்றனர். நாங்கள் இதனை ஏற்பதற்கில்லை. அரசன் மகன் அரியணை ஏறினால்தான் காட்டில் மழை பெய்யும் என்பதே அப்படத்தின் சாரம். பாட்டும் வண்ணமும் அதை மறைக்கின்றன. 1967இன் 'தி ஜங்கிள் புக்' இனிமையானதே. ஆயினும் யானைகளை அது வெறும் கேலிப் பட்டாளமாக்கிவிட்டது.

எங்கள் முதலிடம் 1941இல் வெளியான, 64 நிமிடமே ஓடும் 'டம்போ'வுக்கு. குட்டி யானை ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதன் பெரிய காதுகளைக் கேலிசெய்த சிறுவனை அடித்ததற்காகத் தாய்க்குக் கிடைப்பவை 'மதம் பிடித்தது' என்ற பட்டமும் சங்கிலியும் கூண்டும். கம்பிகளினூடே நீளும் அவள் துதிக்கையில் குட்டி ஊஞ்சலாடுகிறது. இத்துயரம் குழந்தைகளுக்கு ஆகாது என்பார் உளர். எங்கள் சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயில் யானையிடம் காசு நீட்டி ஆசி பெறும் குழந்தை, அதன் காற்சங்கிலியைக் காணாமலா இருக்கும்? ஏன் என்று அது கேட்டால் பெரியவர்களாகிய நாம்தான் பேச்சை மாற்றுகிறோம். 'டம்போ' மாற்றவில்லை.

அதில் வரும் காகங்கள் கறுப்பின மக்களை இழிவுசெய்யும் சித்திரிப்பு என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அக்கறையை மறைக்க நாங்கள் முயலோம். அதற்குரிய மதிப்பெண்ணைக் கழித்த பின்னும் முதலிடம் அதற்கே. தாயைத் துப்பாக்கிக்கு இழக்கும் 1942இன் 'பாம்பி' அடுத்தது. சிங்கம் வரிசையில் நிற்கட்டும்.